வெளியே வைத்த பெட்டி

ஈப்போ பக்கம், ரப்பர் தோட்டம்
14-5-1940

அன்புள்ள செவந்தி அக்காளுக்குத் தம்பி ஆத்மநாதன் எழுதுவது.

இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பவர் சிவசாமி. பினாங்கில் மளிகைக்கடை வைத்திருக்கிறார், நம் பக்கத்து ஆள்தான். அவருக்குப் பின்னால் நிற்கும் இரண்டு பேரும் என் பிள்ளைகள். பெரியவள் அமிர்தவல்லி, வயது பத்து. சின்னவன் சேவுகன், ஏழு நடக்கிறது. அப்பாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். முன்கூட்டிக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். கேட்டால் முடியாது என்று எழுதிவிடுவீர்கள் என்ற பயத்தில் கடிதத்தையும் பிள்ளைகளையும் ஒரே கப்பலில் ஏற்றிவிட்டேன்.

மூக்காயிக்கு நெஞ்சில் கோளாறு. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். பிள்ளைகளை அம்மா அருகில் விடக்கூடாது என்கிறார் டாக்டர். இங்கே தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்பது ஒரு தகரக் கொட்டகை. காலையில் ஆள் கணக்கு எடுக்கும் கிராணிதான் மத்தியானம் வாத்தியார். மூன்றாம் வகுப்புக்கு மேல் கிடையாது. என்னை ஈப்போ டவுன் ஆபீசுக்கு மாற்றுவதாகத் துரை சொல்லியிருக்கிறார். அங்கே போய்விட்டால் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, குடியிருக்க வீடும் கொடுப்பார்கள். அதுவரை ஒரு பதினெட்டு மாதம். அதற்கு மேல் ஒரு நாளும் உங்களைக் கஷ்டப்படுத்த மாட்டேன்.

அத்தான் காலமானபோது நான் வராததை நீங்கள் மறக்கவில்லை என்று தெரியும். அதை என்மேல் காட்டுங்கள், பிள்ளைகள்மேல் காட்ட வேண்டாம்.

தம்பி,
ஆத்மநாதன்


திருமயம்
9-6-1940

தம்பி ஆத்மநாதனுக்கு, செவந்தி எழுதிக்கொள்வது.

உன் கெட்டிக்காரத்தனம் எல்லாம் என்னிடம்தான். எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறேன், சிவசாமி வந்து நிற்கிறார். வைகாசி வெயிலில் பையன் காலில் பூட்ஸ். அவன் எருமையைப் பார்த்துப் பயந்து அக்காள் பாவாடைக்குள் போய்விட்டான். உன் கடிதத்தை நான் பிரித்துப் படிப்பதற்குள் பெண் கிணற்றடி எங்கே என்று விசாரித்துத் தம்பிக்கு முகம் கழுவிவிட்டாள். படித்து முடித்தபோது இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நான் என்ன பதில் சொல்லியிருந்தால் என்ன.

உன் அத்தான் செத்ததற்குத் தந்தி கொடுத்தேன். பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிற்பாடு உன் கடிதம் வந்தது, லீவு கிடைக்கவில்லை என்று. கூடப் பிறந்தவன் நிற்க வேண்டிய இடத்தில் எதிர்வீட்டுக் கண்ணாத்தாளின் புருஷன் நின்றான். அதை நான் மறக்கவும் இல்லை, பிள்ளைகளிடம் காட்டவும் இல்லை. எனக்கு வேறு வேலை இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன். நீ கொடுத்தனுப்பிய சர்டிபிகேட்டை ஹெட்மாஸ்டர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். இது ரப்பர் மரத்துக்குக் கொடுத்ததா, பிள்ளைகளுக்குக் கொடுத்ததா என்று கேட்டார். சமஸ்தானத்தில் இது செல்லாதாம், இரண்டு பேரையும் ஒன்றாம் வகுப்பில் போடுகிறேன் என்றார். நான் எழுந்திருக்கவில்லை. மத்தியான மணி அடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அமிர்தத்தைக் கூப்பிட்டுப் பத்திரிகையைக் கொடுத்தார். அவள் தடங்கல் இல்லாமல் படித்தாள். நாலாம் வகுப்பு. சின்னவன் இரண்டாம் வகுப்பு. கார்டியன் என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஐந்தாவது வரை படித்ததற்கு இப்போதுதான் ஒரு உபயோகம் வந்தது.

அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவனை ஐயா என்றுதான் கூப்பிடுகிறேன். ஊரில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

மூக்காயிக்கு எப்படி இருக்கிறது என்று எழுது. பதினெட்டு மாதம் என்று எழுதியிருக்கிறாய். நான் எண்ணிக்கொண்டிருப்பேன்.

செவந்தி


ஈப்போ
3-8-1940

அன்புள்ள அக்காளுக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் மூக்காயியின் கட்டிலருகே நின்று படித்துக் காட்டினேன். பூட்ஸ் விஷயம் வந்ததும் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து நர்ஸ் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டாள். மறுநாள் போனபோது அந்த இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள்.

சில காரியங்கள் கவனிக்க வேண்டும். குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள். மலேரியா வராமலிருக்க வாரம் ஒரு தடவை கொய்னா மாத்திரை. சேவுகனுக்குச் சளி பிடிக்கும், எண்ணெய் தேய்த்தால் நிழலில் நிற்கட்டும். அமிர்தம் படிக்கும்போது விளக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னைத் திட்டுவது இங்கே கேட்கிறது.

அத்தான் விஷயத்தில் நான் எழுதியது முழு உண்மை இல்லை. துரை நாலு நாள் யோசித்துவிட்டு லீவு கொடுத்தார். நான்தான் போகவில்லை. பன்னிரண்டு வருஷம் ஊர்ப்பக்கம் வராதவன் சாவுக்கு மட்டும் வந்து உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று இருந்துவிட்டேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆத்மநாதன்


திருமயம்
20-1-1941

தம்பிக்கு,

பொங்கல் ஆயிற்று. உன் பையன் எருமைக்கு மாலை போட்டான். பயம் போய்விட்டது. இப்போது அதனோடு மலாய்ப் பேச்சுப் பேசுகிறான், அதுவும் தலையை ஆட்டுகிறது. கொய்னா மாத்திரையை நான் கொடுப்பதில்லை, அமிர்தம் கொடுக்கிறாள். உன் உத்தரவுக்கெல்லாம் அவள்தான் இங்கே அதிகாரி.

அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் வாசலில் கேழ்வரகு காயப்போட்டேன். ஐயா, கோழி வராமல் பார்த்துக்க, இந்த இடத்தை விட்டு நகராதே என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனேன். அங்கே வேலை இழுத்துவிட்டது. நடுவில் மழை வந்தது. கண்ணாத்தாள் ஓடிவந்து தானியத்தை அள்ளி உள்ளே கொண்டுபோய்விட்டாள். நான் திரும்பி வரும்போது வெறும் வாசலில், நனைந்துபோய், கையில் குச்சியோடு நிற்கிறான். ஏன்டா என்று கேட்டால், நீங்க நகரச் சொல்லலையே அத்தை என்கிறான். திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. தலையைத் துவட்டிவிட்டேன்.

நீ உண்மையை எழுதியதற்கு நான் பதில் எழுதவில்லை. இப்போதும் எழுதப்போவதில்லை. ஆனால் படித்தேன் என்று தெரிந்துகொள்.

எட்டு மாதம் ஆகப்போகிறது. எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினேன் அல்லவா, இப்போதும் எண்ணத்தான் செய்கிறேன். முன்னே மாதிரி இல்லை.

செவந்தி


ஈப்போ
2-4-1941

அன்புள்ள அக்காளுக்கு,

மூக்காயி வீட்டுக்கு வந்துவிட்டாள். மெலிந்துபோனாள், ஆனால் எழுந்து நடமாடுகிறாள். டவுன் ஆபீசுக்கு மாற்றல் வருகிற தை மாதம் என்று கிட்டத்தட்ட நிச்சயம். ஆகவே பிள்ளைகள் தையில் புறப்பட்டால் போதும். சிவசாமி ஊருக்கு வந்து திரும்பும்போது சேர்த்து அனுப்பலாம்.

ஒரு உதவி. மாதம் ஒரு கடிதம் அமிர்தத்தின் கையால் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நாலு வரி போதும். மூக்காயிக்கு அதுதான் மருந்து. தபால்காரன் வரும் நாளில் காலையிலிருந்து வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

கேழ்வரகு விஷயத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. அவனிடம் எதையும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள் என்றாள்.

ஆத்மநாதன்


ஈப்போ
4-10-1941

அக்காளுக்கு,

கடைசியாகக் கடிதம் வந்தது ஜூலை மாதம். அதன்பின் நான் மூன்று எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. மூக்காயி பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, காய்ச்சலும் திரும்பியிருக்கிறது.

ஊரிலிருந்து வந்த பழனிச்சாமி என்னைப் பார்க்க வந்தான். ஆவணி மாதம் உங்கள் வீட்டுப் பக்கம் போனானாம். பள்ளிக்கூட நேரத்தில் அமிர்தம் தலை வாராமல், பரட்டையாக, வாசற்படியில் உட்கார்ந்திருந்தாளாம். பேச்சுக் கொடுத்ததற்கு உள்ளே ஓடிவிட்டாளாம். நீங்கள் அவனை வாசலிலேயே நிறுத்தி, குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் போகச் சொன்னீர்களாம்.

படிக்க அனுப்பினேன். வீட்டு வேலைக்கும் மாட்டு வேலைக்கும் அனுப்பவில்லை. என்மேல் உள்ள கோபத்தை இப்படித் தீர்த்துக்கொள்வீர்கள் என்று நான் நினைத்ததில்லை. அவர்களைப் பார்த்துக்கொள்ள உங்களுக்கு இஷ்டமில்லை என்றால் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஆத்மநாதன்


திருமயம்
25-10-1941

ஆத்மநாதனுக்கு,

ஆடி மாதக் கடைசியில் அமிர்தத்துக்கு அம்மை போட்டது. உடம்பெல்லாம் முத்து. அவளுக்குத் தண்ணீர் ஊற்றி நாலு நாள் ஆகவில்லை, சின்னவனுக்குப் போட்டது. பிறகு எனக்கு. ஆத்தா வீட்டில் இறங்கியிருக்கும்போது வேப்பிலை செருகிய வாசலை விட்டு ஒரு சாமானும் வெளியே போகாது, கடிதாசியும் போகாது. தலை வாரமாட்டோம். வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கமாட்டோம். இது உனக்குத் தெரியாதா? உனக்கு ஆறு வயதில் போட்டபோது இருபத்தொரு நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் தடவிக்கொடுத்தவள் யார் என்று நினைத்துப் பார். ரப்பர் பாலில் எல்லாம் கரைந்துபோய்விட்டது போலிருக்கிறது.

பழனிச்சாமிக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் வேப்பிலையைப் பார்த்தும் பார்க்காதவன் சொன்னதை நீ நம்பினாய்.

பிள்ளைகள் தப்பிப் பிழைத்துவிட்டார்கள். முகத்தில் வடு இல்லை. மூன்றாவது தண்ணீர் ஊற்றிய அன்று முதல் வேலையாக அமிர்தம் அம்மாவுக்குக் கடிதாசி எழுதினாள். அது இந்நேரம் வந்திருக்கும். நீ எழுதியதுதான் எனக்கு வந்தது.

மாட்டு வேலைக்கு வைத்திருக்கிறேன் என்று எழுதிவிட்டாய். இனி ஒரு வாய்ச் சோறு போட்டாலும் அதைத்தான் நினைத்துக்கொள்வேன். தை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மார்கழியில் பயணம் ஆகாது. கார்த்திகைக்குள் அனுப்பிவிடுகிறேன். சிவசாமி ஊருக்கு வந்திருக்கிறார், கார்த்திகை பத்து வாக்கில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுகிறார். பர்மிட்டையும் அவரே பார்த்துக்கொள்கிறார். பரீட்சை போனால் போகட்டும். உன் பிள்ளைகளை நீயே படிக்க வைத்துக்கொள்.

செவந்தி


ஈப்போ
8-11-1941

அக்கா,

அமிர்தத்தின் கடிதமும் உங்கள் கடிதமும் இரண்டு நாள் இடைவெளியில் வந்தன. வேப்பிலையை நினைவுபடுத்தி எழுதிய வரியை என்னால் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை. அந்த இருபத்தொரு நாளும் நீங்கள் உப்பில்லாமல் சாப்பிட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவ்வளவுக்கும் தகுந்தவன் நான்.

ஆனால் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதைப் படியுங்கள். இங்கே நிலைமை சரியில்லை. ரோட்டில் ராத்திரி பகலாகப் பட்டாள லாரி போகிறது. பினாங்கில் விளக்கை மறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். துரையின் சம்சாரம் போன வாரமே பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டாள். ஒன்றும் ஆகாது என்று எங்களிடம் சொல்கிற துரை தன் பிள்ளைகளை ஏன் அனுப்புகிறார்?

மூக்காயியிடமும் பேசிவிட்டேன். அழுதாள். பிறகு, அங்கேயே இருக்கட்டும், அக்காகிட்ட இருந்தா எனக்குப் பயமில்லைன்னு எழுதுங்க என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். வருஷப் பரீட்சை முடியட்டும், அதற்கப்புறம் பார்க்கலாம். உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

ஆத்மநாதன்


திருமயம்
28-11-1941

தம்பிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை மத்தியானம் வந்தது. சர்க்காரில் பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டியிருந்தார்கள், அதில் நாலு நாள் தாமதம். அது வெள்ளிக்கிழமை வந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். கிளம்ப வேண்டிய செவ்வாய்க்கிழமை நாள் நன்றாக இல்லை. அதனால் முந்தின வெள்ளிக்கிழமையே நல்ல நேரம் பார்த்துப் பரஸ்தானம் வைத்துவிட்டேன். பிள்ளைகளின் பெட்டியைப் பூட்டி, சூடம் கொளுத்தி, வாசல் தாண்டி எடுத்துப்போய் கண்ணாத்தாள் வீட்டில் வைத்தாயிற்று. பெட்டி வெளியே போய்விட்டால் பயணம் தொடங்கிவிட்ட கணக்கு. அதைத் திரும்ப வீட்டுக்குள் எடுத்துவந்தால் போகிறவர்களுக்கு ஆகாது. உன் அத்தான் கடைசியாகத் திருச்சிக்குப் போக வைத்த மூட்டையை, மழை என்று உள்ளே எடுத்தோம். அதற்குப்பின் பதினைந்து நாள்தான் இருந்தார். அது உனக்குத் தெரியாது, நீ இங்கே இல்லை.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் எத்தனை தடவை நடந்தேன் என்று எனக்கே தெரியாது. பெட்டியைத் தொடக் கை வரவில்லை. சிவசாமி, பினாங்கில் ஒன்றும் இல்லை, கடையில் வியாபாரம் முன்னைவிட ஜோராக நடக்கிறது என்றார். யுத்தம் வருமோ வராதோ, பெட்டியை உள்ளே எடுத்தால் கெடுதல் நிச்சயம் என்று எனக்குப் பட்டது.

புதன்கிழமை நாகப்பட்டினத்தில் ஏற்றிவிட்டேன். நானே கூடப்போனேன். பெட்டிச் சாவி அமிர்தத்தின் கழுத்துக் கயிற்றில் இருக்கிறது. கப்பலிலும், பினாங்கில் இறங்கியதும் நோய் பரவாமல் தனியே வைக்கிற காரண்டைன் முகாமிலும் திருட்டு உண்டு என்று சொன்னார்கள். அதனால் சின்னவனைப் பெட்டிமேல் உட்கார வைத்து, ஐயா, அப்பா வீடு போய்ச் சேரும்வரைக்கும் இதை விட்டு எழுந்திரிக்கக் கூடாது, யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது என்று ஏழு தடவை சொல்லியிருக்கிறேன். அவன் சொன்ன சொல் தட்டாதவன். பெட்டியைப் பற்றிக் கவலைப்படாதே.

வந்து சேர்ந்ததும் தந்தி கொடு. வீட்டில் சத்தமே இல்லை. எருமை ராத்திரி முழுக்கக் கத்துகிறது.

செவந்தி


திருமயம்
2-2-1942

தம்பிக்கு,

தந்தி வரவில்லை. பினாங்கில் குண்டு போட்டார்கள் என்று பத்திரிகையில் வந்ததைப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று ஹெட்மாஸ்டரைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எந்தத் தேதி என்று கேட்டேன். டிசம்பர் பதினொன்று என்றார். அதற்குள் நீ அழைத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போயிருப்பாய். காரண்டைனில் ஒரு வாரம்தானே வைப்பார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், போயிருப்பாய்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

செவந்தி

(உறையின்மேல்: தபால் போக்குவரத்து நிறுத்தப்பட்டுள்ளது. அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது.)


திருமயம்
19-10-1945

தம்பிக்கு,

மலாயாவுக்குத் தபால் திறந்துவிட்டார்கள் என்று போஸ்டாபீசில் சொன்னார்கள். திரும்பி வந்த கடிதங்கள் இருபத்திரண்டு என்னிடம் இருக்கின்றன. அவற்றை அனுப்பவில்லை. எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்.

பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? அமிர்தத்துக்குப் பதினைந்து முடிந்திருக்கும். சின்னவனுக்குப் பன்னிரண்டு. அவன் பிறந்த நாளுக்கு வருஷா வருஷம் கோயிலில் விளக்குப் போடுகிறேன்.

செவந்தி


ஈப்போ
18-12-1945

அக்காளுக்கு,

கேட்டுவிட்டீர்கள், எழுதத்தான் வேண்டும்.

சேவுகன் இல்லை. மூக்காயியும் இல்லை. அமிர்தம் என்னோடு இருக்கிறாள்.

சிவசாமி தந்தி கொடுத்து நான் பினாங்குக்குப் போயிருந்தேன். முகாமிலிருந்து பிள்ளைகளை டிசம்பர் பத்தாம் தேதி சாயங்காலம்தான் விட்டார்கள். அதற்குள் யுத்தம் தொடங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. அன்று ரயில் இல்லை. சிவசாமி கடையில் படுத்திருந்தோம். காலையில் லாரி கிடைக்குமா என்று பார்க்கப் போனேன். வரும்வரை இங்கேயே இருங்கள் என்று நானும் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஏரோப்ளேன் சத்தம் கேட்டு ஊரே தெருவில் நின்று வேடிக்கை பார்த்தது. நம்முடையது என்று நினைத்தார்கள். குண்டு விழ ஆரம்பித்ததும் கடையில் இருந்தவர்கள் பின்பக்கத்துச் சாக்கடைக்குள் ஓடிப் படுத்துக்கொண்டார்கள். அமிர்தம் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் பெட்டியின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டான். எழுந்திரிக்கக் கூடாதுன்னு அத்தை சொல்லியிருக்கு, நீ போ என்றான். சிவசாமி இவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். திரும்பிப் பார்த்தபோது கடையின் முன்பக்கம் இல்லை.

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அமிர்தம்தான் எழுதச் சொன்னாள்.

மூக்காயியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அமிர்தத்தை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள், பையன் பரீட்சை எழுதிவிட்டு வருவான் என்று சொல்லிவிட்டேன். பதினோரு வயதுப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆமாம்மா, அவன் அத்தையை விட்டு வரமாட்டேன்னு அழுதான் என்றாள். ஒன்றரை வருஷம் அந்தப் பொய்யை நாங்கள் காப்பாற்றினோம். அவள் கேட்கும்போதெல்லாம் அமிர்தம் அவனும் எருமையும் பேசிக்கொண்டதைப் புதிது புதிதாகச் சொல்லுவாள். மூக்காயி 1943 ஆனியில் போனாள். ஒரு பிள்ளையாவது அக்காகிட்ட பத்திரமா இருக்கு என்பதுதான் அவள் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு.

பிறகு ஜப்பான்காரன் என்னைச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனான். இப்போது இரண்டு காலிலும் ஆறாத புண். தோட்டத்து ஆஸ்பத்திரியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு மருந்து போடுகிறார்கள், இனி தேறமாட்டேன் என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அமிர்தத்தை உங்களிடம் அனுப்பட்டுமா, ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று கேட்கத்தான் நினைத்தேன். அவளிடம் சொன்னேன். வரமாட்டேன் என்கிறாள். காரணம் கேட்டேன். என் கடிதம் வந்த திங்கட்கிழமை நீங்கள் கண்ணாடி அகப்படாமல் அவளைத்தான் உரக்கப் படிக்கச் சொன்னீர்களாம். அனுப்பாதீர்கள் என்ற வரியைப் படித்துவிட்டு அவள் உங்களிடம் ஒன்று கேட்டாளாம். என்ன கேட்டாள் என்று என்னிடம் சொல்லவில்லை. அத்தைக்குத் தெரியும் என்கிறாள்.

பெட்டியும் எரிந்துபோயிற்று. சாவியை மட்டும் கழுத்திலேயே போட்டிருக்கிறாள், கழற்ற மாட்டேன் என்கிறாள். அதில் என்ன இருந்தது என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஆத்மநாதன்


திருமயம்
24-1-1946

தம்பி ஆத்மநாதனுக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. கோயிலில் விளக்குப் போடுவதை நிறுத்திவிட்டேன். டிசம்பர் பதினொன்று என்ன திதி என்று பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

அமிர்தம் சொன்னது நிஜம். நான் உனக்கு மறைத்தேன். கண்ணாடி மாடத்தில்தான் இருந்தது, தேட மனம் இல்லாமல் அவளிடம் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, பெட்டியை உள்ளே எடுக்க வேண்டாம் அத்தை, அது அங்கேயே இருக்கட்டும், நாங்க மட்டும் இங்கே இருக்கோமே என்றாள். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதினோரு வயதுப் பிள்ளைக்குத் தோன்றியது. சின்ன வாயை வைத்துக்கொண்டு பெரிய பேச்சுப் பேசாதே என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். சகுனம்தான் காரணம் என்று உனக்கு எழுதினேன், எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். சகுனம் பாதிதான். மாட்டு வேலைக்கு வைத்திருக்கிறேன் என்று எழுதினாயே, அது மீதிப் பாதி. உனக்கு வலிக்கட்டும் என்று இருந்தது.

அவளை வற்புறுத்தாதே. வந்தால் என் உயிரைக் கொடுத்துப் பார்த்துக்கொள்வேன், ஆனால் வரமாட்டாள். நானாக இருந்தாலும் வரமாட்டேன். நான் அங்கே வரட்டுமா என்றும் நினைத்தேன். அவள் முன்னால் போய் நிற்கும் முகம் எனக்கு இல்லை. அத்தான் சாவுக்கு நீ வராமல் இருந்ததற்குக் காரணம் எழுதினாயே, அது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

பெட்டியில் என்ன இருந்தது என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். மூக்காயிக்கு ஒரு டப்பா எருமை நெய். சுண்டைக்காய் வற்றல், கொஞ்சம் வடகம். இரண்டு பேருக்கும் இரண்டு இரண்டு உடுப்பு. அமிர்தத்தின் கணக்குப் புத்தகம். சின்னவனுக்குச் சிறிதாகிப் போன அந்த பூட்ஸ். அவ்வளவுதான் இருந்தது தம்பி. அதற்குமேல் ஒன்றுமே இல்லை.

செவந்தி